ஜே கே பி ஓ செமிகோலன்

"மேடம், ஜே கே பி ஓ செமிகோலன்னா இன்னா மேடம்?"

கிளாஸ் முடிச்சு, டீயை வாங்கிக்கினு வந்து ஸ்டாஃப் ரூம்ல அப்பத்தான் உக்கார்ந்தேன். தெரியாத நம்பர். எடுத்த எடுப்புல ஒரு பொம்பள கொரல் இப்படிக் கேட்டா யாருக்குத்தான் கோவம் வராது? எனக்குக் கொஞ்சம் ஜல்தியாவே வரும். "வேற வேலை இல்லியாம்மா? போனை வைங்க மொதல்ல"ன்னு கத்திட்டு நானே வச்சிட்டேன். எதிர்ல உக்கார்ந்திருந்த தமிழ் டிபார்ட்மெண்ட் மேடம், "யாரு, லோன் வேணுமான்னு கேட்டாங்களா?"ன்னு சிரிச்சாங்க.

ரெண்டு நிமிஷத்துல அதே நம்பர் மறுபடியும் வந்துச்சு.

"மேடம், வச்சிடாதீங்க. நான் உங்க ஸ்டூடன்ட்டு. எனக்குக் கண்ணு தெரியாது. போனுதான் எனக்குப் படிச்சுக் காட்டும். உங்க நோட்ஸை மட்டும் அது இப்படித்தான் படிக்குது."

டீ ஆறிப்போச்சு. அன்னிக்கு நான் அதைக் குடிக்கவே இல்ல.

நான் யாருன்னு சொல்லிடறேன். விழுப்புரத்துல ஒரு காலேஜ்ல பொருளியல் நடத்தறவ. வீடு திண்டிவனம், தினமும் பஸ்ஸுதான். வேலைக்குப் போறவங்க, வீட்டை விட்டு வர முடியாதவங்க எல்லாருக்கும் சேர்த்து எங்க காலேஜ்ல ஆன்லைன்ல தமிழ் மீடியம் டிகிரி ஒண்ணு நடக்குது. அதுல ஒரு பேப்பர் என்னோடது. நோட்ஸு, வீடியோ, டெஸ்ட்டு எல்லாமே என் கையால தயார் பண்ணது. அந்த நோட்ஸு மேல எனக்கு ஒரு திமிரே உண்டு. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ நான். கீபோர்டைப் பாக்காம, ஒரு ஒத்துப் பிழை விடாம, முன்னூறு பக்கம் நானே அடிச்சேன். மத்த காலேஜ்லேர்ந்தெல்லாம் கேட்டு வாங்கிக்கினு போயிருக்காங்க.

போன்ல பேசினவங்களுக்குக் கிட்டத்தட்ட என் வயசு. மரக்காணம் பக்கத்துல கடலோரக் குப்பம். வீட்டுக்காரரு கடலுக்குப் போறவரு. இருவத்தஞ்சு வயசுல காய்ச்சல் வந்து பார்வை போச்சாம். அதுக்கப்புறம் பன்னண்டாவது எழுதி, எங்க ஆன்லைன் டிகிரியில சேர்ந்திருக்காங்க. சேர்ந்தா இத்தனை வருஷத்துக்குள்ள முடிச்சாகணும்னு ஒரு கணக்கு இருக்கு. அவங்களுக்கு இது கடைசி வருஷம். இந்த வருஷம் முடிக்கலன்னா இதுவரைக்கும் பாஸ் பண்ண பேப்பரெல்லாம் தண்ணியில போட்ட மாதிரிதான்.

"எத்தனை பேப்பர் பாக்கி?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுதான் மேடம். உங்களுது."

எல்லாத்துலயும் பாஸ். ஒண்ணுல மட்டும் பெயில், அந்த ஒண்ணு என்னோடது. இதைக் கேட்டுட்டு யாராவது பெருமையா உக்கார்ந்திருக்க முடியுமா?

சாயந்திரம் பஸ்ல ஜன்னலோரம் எடம் கெடச்சுது. போனை எடுத்து, படிச்சுக் காட்டற அந்த வசதி எங்க இருக்குன்னு தேடிப் பிடிச்சு ஆன் பண்ணேன். பண்ணதுதான் தப்பு. தொட்டதையெல்லாம் சத்தமா சொல்ல ஆரம்பிச்சுது, ஆஃப் பண்ணத் தெரியல. "பேட்டரி நாப்பத்தொரு சதவீதம்"னு பஸ்ஸுக்கே அறிவிச்சுது. கண்டக்டர், "இன்னாக்கா, நீங்களே ஒரு ரேடியோ ஸ்டேஷன் வச்சிருக்கீங்களா?"ன்னாரு. மானம் போனா போவுதுன்னு என் நோட்ஸைத் தெறந்தேன். மொதப் பக்கம், தலைப்பு, பளிச்சுனு தமிழ்ல தெரியுது. போனு படிக்குது: "என் ஜி எச் யூ எஸ் பி ஏ ஒய் செமிகோலன்."

அது என்னன்னு தெரியுமா? 'பொருளியல்'. நான் முப்பது வருஷமா பழகின டைப்ரைட்டிங் ஃபான்ட்டுல, தமிழுக்குள்ள இருக்கறது அத்தனையும் இங்கிலீஷ் எழுத்து. ஜே அடிச்சா த தெரியும், கே அடிச்சா ம தெரியும். கண்ணுக்குத் தமிழ், உள்ள ஒரு எழவும் கெடையாது. கண்ணு இருக்கறவங்க யாருக்கும் இது தெரியப்போறதில்ல. போனுக்குக் கண்ணு கெடையாதே, அது உள்ள இருக்கறதைத்தான் படிக்கும். ஜே கே பி ஓ செமிகோலன்னா 'தமிழ்'. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டற வரைக்கும் நான் போனை மடியில வச்சிக்கினு அப்படியே உக்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஏம்மா, ஊட்ல எதுனா பிரச்சனையா?"ன்னு கேட்டுட்டாங்க.

மறுநாள் நானே கூப்பிட்டேன். "இத்தனை நாளு எப்படிம்மா படிச்சீங்க?"

"கண்டுபுடிச்சேன் மேடம்."

"எதை?"

"எங்க ஊட்டுக்காரரு அஞ்சாவது வரைக்கும் படிச்சவரு. கடலுக்குப் போயிட்டு வந்து, உங்க நோட்ஸு ரெண்டு பக்கத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சாரு. நான் அதே ரெண்டு பக்கத்தைப் போன்ல ஒவ்வொரு எழுத்தா ஓட வுட்டுப் பொருத்திக்கினே வந்தேன். ஏ-ன்னா ய. எஸ்-ன்னா ள. டி-ன்னா ன. எஃப்-ன்னா க..."

யளனக. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல மொத நாள் பாடம் அது. பெருவிரலை ஸ்பேஸ்பார்ல வச்சிக்கினு, பக்கம் பக்கமா யளனக, யளனகன்னு அடிச்சுத் தள்ளுவோம். அதை இந்தப் பொம்பள, கீபோர்டையே பாக்காம, காதால கேட்டே கண்டுபுடிச்சிருக்காங்க. ஒரு பக்கம் படிக்க அரை நாளாகுமாம். அப்படியே நாப்பது பக்கம் தாண்டிட்டாங்க. 'தமிழ்'னு தான் முழுசா கண்டுபுடிச்ச அந்த வார்த்தையைத்தான் என்கிட்டக் கேட்டிருக்காங்க, தான் புடிச்சது சரியான்னு பாக்க. அதுக்குத்தான் நான் போனை வைன்னு கத்தினேன்.

எனக்கு வெக்கமா இருந்துச்சு. சுத்தி வளைச்சு சொல்றதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. வெக்கம், அப்புறம் கோவம், ரெண்டும் என் மேலதான்.

கணக்கு இப்படி நின்னுச்சு. மூணு டெஸ்ட்டும் சேர்த்து எழுவத்தஞ்சுக்கு முப்பது எடுத்தாத்தான் ஹால் டிக்கெட்டு. மொத ரெண்டு டெஸ்ட்டுல அவங்க எடுத்தது மொத்தம் ஒம்போது. மூணாவதுல இருவத்தஞ்சுக்கு இருவத்தொண்ணு எடுத்தாகணும். டெஸ்ட்டுக்கு ஆறு வாரம் இருந்துச்சு.

ஆன்லைன் பிரிவைப் பாத்துக்கற சார் ஒருத்தர் இருக்காரு. நல்ல மனுஷன்தான், ஆனா எதையும் நாளைக்குன்னு தள்ளறவரு. அவர்கிட்டப் போயி விஷயத்தைச் சொன்னேன். "ஒருத்தருக்காக முன்னூறு பக்கத்தையும் மாத்தணுமா மேடம்? பேஜாரு புடிச்ச வேலை. இன்டர்னல் மார்க்கு உங்க கையில இருக்கு, பாத்துப் போட்டு வுட்டுடுங்க. புண்ணியமாப் போவும்"னாரு.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் எனக்கும் அது நல்ல வழியாத்தான் தோணுச்சு. நோகாம முடிஞ்சிடும். ஆனா அந்தப் 'புண்ணியம்'ங்கற வார்த்தை சுருக்குனு குத்திச்சு. தப்பா அடிச்சு வச்சது நானு, இதுல புண்ணியம் எங்கேர்ந்து வந்துச்சு? "சார், அவங்க பெயிலாகல. என் நோட்ஸு பெயிலாயிருக்கு. மாத்தறதுக்கு வழி இருந்தா சொல்லுங்க, இல்லன்னா நானே உக்கார்ந்து முன்னூறு பக்கத்தையும் திரும்ப அடிக்கிறேன்"னேன். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு போல, வராண்டாவுல போன ரெண்டு பேரு எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

வழி இருந்துச்சு. பழைய ஃபான்ட்டை யூனிகோடுக்கு, அதாவது உள்ளயும் தமிழாவே இருக்கற எழுத்துக்கு, மாத்தித் தர்றதுக்கு சாஃப்ட்வேர் இருக்குன்னு அவரே போட்டுக் காட்டினாரு. ஒரு பட்டனை அமுக்கினா முன்னூறு பக்கமும் மாறிடுது. அடச்சே, இவ்ளோதானான்னு ஆயிடுச்சு. ஆனா மாறினதைப் படிச்சுப் பாத்தா, நடுநடுவுல நான் போட்டிருந்த இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் தமிழா மாறி, கண்ட கண்ட எழுத்தா நிக்குது. அட்டவணையெல்லாம் குழம்பிக் கெடந்துச்சு. சரி பண்ண நாலு வாரம் ஆச்சு. ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் அவங்களுக்கு அனுப்புவேன். ஒரு மணி நேரத்துல பதில் வந்துடும், குரல் மெசேஜா: "மூணாம் பக்கம் அட்டவணை எது தலைப்பு எது நம்பருன்னே புரியல மேடம்." பாராட்டெல்லாம் எதிர்பாக்கக் கூடாது அவங்ககிட்ட.

நோட்ஸு முடிஞ்சுதுன்னு மூச்சு வுட்டேன். அப்பத்தான் வீடியோவுக்கு வந்தாங்க.

"மேடம், உங்க வீடியோல 'இது இது'ன்னு ஒருத்தரு வர்றாரே, அவரு யாரு?"

"யாரும்மா?"

"நீங்கதான் சொல்றீங்க. 'இது இங்க வந்தா, அது அங்க போயிடும். இப்ப இதையும் அதையும் சேர்த்துப் பாருங்க, இதுதான் அது'ன்னு. எனக்கு இதும் தெரியல அதும் தெரியல."

நான் சிரிச்சிட்டேன், அவங்களும் சிரிச்சாங்க. ராத்திரி சாப்பாட்டு நேரத்துல வீட்டுல இதைச் சொன்னேன். "நீ வூட்லயும் அப்படித்தான். அதை எடுத்து அதுமேல வைன்னா நாங்க எதைன்னு எடுக்கறது?"ன்னாரு எங்க வீட்டுக்காரரு. அவருக்கு இத்தனை வருஷமா சொல்ல வாய்ப்பு கெடைக்கல போல.

என் வீடியோவை நானே கண்ணை மூடிக்கினு கேட்டேன். இருவது வருஷமா நல்லா நடத்தற டீச்சர்னு பேரு வாங்கினவ நான். கேட்டா, கை மட்டும்தான் பாடம் நடத்தியிருக்கு, வாய் சும்மா கூடவே போயிருக்கு. திரும்ப ரெக்கார்டு பண்ண உக்கார்ந்தேன். 'இது'ன்னு வாயில வர்ற ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, மறுபடியும் மொதல்லேர்ந்து. 'விலை இங்கேர்ந்து இங்க போனா'ன்னு சொல்லாம, 'விலை பத்து ரூபாயிலேர்ந்து பதினஞ்சு ரூபாய்க்குப் போனா'ன்னு சொல்லணும். சொல்றது என்னவோ சுலபம்தான், ஆனா பழகின நாக்கு கேக்கணுமே. பேசாம ஒரு துண்டை எடுத்துக் கையை நாற்காலியோட கட்டிக்கினேன். கை அசையலன்னா வாய் வேலை செஞ்சுதான் ஆகணும். பியூன் அம்மா பாத்துட்டு, "மேடத்துக்கு இன்னா ஆச்சு?"ன்னு வெளிய போயி விசாரிச்சாங்களாம்.

புது வீடியோவைப் போட்டதும் விழுப்புரம் பக்கத்துல காணைங்கற ஊருலேர்ந்து ஒருத்தரு மெசேஜ் போட்டாரு. அவரும் எங்க ஸ்டூடன்ட்டுதான், டிராக்டர் ஓட்டறவரு. 'கரும்பு லோடு ஏத்தற நேரத்துல காதுல மாட்டிக்கினு கேட்டேன் மேடம், இப்பத்தான் எனக்கும் புரியுது'ன்னு. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அப்ப இத்தனை நாளா அவரும் புரியாமத்தான் கேட்டுக்கினு இருந்திருக்காரு, வாயைத் தெறக்கல.

அடுத்தது டெஸ்ட்டு. அரை மணி நேரம், இருவத்தஞ்சு கேள்வி, நேரம் முடிஞ்சா தானா மூடிக்கும். போன்ல கேட்டுக் கேட்டு எழுதறவங்களுக்கு அரை மணி எப்படிப் பத்தும்? "சிஸ்டம் ஒத்துக்காது மேடம்"னாரு ஆன்லைன் சார். "சிஸ்டம் உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?"ன்னு கேட்டுட்டு, நகராம அவரு பக்கத்துலயே நாற்காலியைப் போட்டு உக்கார்ந்தேன். வேற வழியில்லாம ஒவ்வொரு மெனுவா தெறந்தாரு. ஆளுக்குத் தக்க நேரத்தைக் கூட்டறதுக்குன்னே ஒரு எடம் இருந்துச்சு. ஆரம்பத்துலேர்ந்தே இருந்திருக்கு, யாரும் தொட்டதில்ல. அவரு முகத்துல ஈயாடல. "இது இருக்கறது எனக்கே தெரியாது மேடம்"னாரு, உண்மையாவே வருத்தப்பட்டு. அன்னிலேர்ந்து அவரு என் கட்சி. இழுத்துப் பொருத்தற கேள்வியெல்லாம் தூக்கிட்டு, படம் இருக்கற கேள்விக்கெல்லாம் படத்துல என்ன இருக்குன்னு, திரையில தெரியாம போனு மட்டும் படிக்கற மாதிரி, எழுத்துல சேர்க்கச் சொல்லி அவரே ஞாபகப்படுத்தினாரு.

டெஸ்ட்டு காலையில நடந்துச்சு. மார்க்கு தானா வந்து நிக்கும், நான் பாத்து ஓகே பண்ணணும். பன்னண்டு மணிக்குப் பாத்தேன். இருவத்தொண்ணு. சரியா இருவத்தொண்ணு. நான் ஸ்டாஃப் ரூம்ல எழுந்து நின்னு கையைத் தட்டினேன், யாரு என்ன நெனச்சா எனக்கென்ன. அவங்களுக்கும் போன்ல வந்திருக்கும். கூப்புடுவாங்கன்னு பாத்தேன், கூப்புடல. ஹால் டிக்கெட்டு லிஸ்ட்டு அஞ்சு மணிக்கு மேலிடத்துக்குப் போகணும்.

மூணு மணிக்குக் கூப்பிட்டாங்க. கொரல்ல சந்தோஷமே இல்ல.

"மேடம், பதினேழாவது கேள்வி. அதுக்கு எனக்கு மார்க்கு வேணாம். எடுத்துடுங்க."

"இன்னாம்மா சொல்றீங்க?"

"படம் குடுத்து, இது எந்தக் கோடுன்னு கேட்டிருக்கீங்க. படத்துக்கு நீங்க எழுதினதை என் போனு படிச்சுது. 'விலை ஏற ஏற வாங்கும் அளவு குறைவதைக் காட்டும் தேவைக் கோடு'ன்னு. பதிலை நீங்களே சொல்லிட்டீங்களே மேடம். மத்தவங்களுக்கு சொன்னீங்களா?"

ஓடிப்போயி தெறந்து பாத்தேன். ஆமா. பாடத்துல படத்துக்கு எழுதியிருந்ததை அப்படியே எடுத்து டெஸ்ட்டுலயும் ஒட்டியிருக்கேன். மத்தவங்க கோட்டைப் பாத்துக் கண்டுபுடிக்கணும். இவங்களுக்கு மட்டும் நான் காதுல ஓதியிருக்கேன்.

"அது என் தப்பும்மா, உங்க தப்பில்லியே. இருந்துட்டுப் போகட்டும்."

"எடுத்துடுங்க மேடம்."

"எடுத்தா இருவது. பெயிலு. கடைசி வருஷம், தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? நாளைக்கு நான் எங்கனா வேலைக்குப் போயி உக்காருவேன். இந்தப் பொம்பளைக்கு மார்க்கைத் தூக்கிக் குடுத்துட்டாங்கன்னு ஒருத்தரு சொல்லுவாரு. இல்லன்னு நான் சத்தமா சொல்லணும். இந்த ஒண்ணு இருந்தா என்னால சொல்ல முடியாது."

அடிப்பாவின்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. எரிச்சல்னா எரிச்சல், அவ்ளோ எரிச்சல். ஆறு வாரம் என்னை நாய் படாத பாடு படுத்தி வேலை வாங்கிட்டு, கரைக்கு வந்த நேரத்துல இப்படி ஒரு பேச்சு. அவங்க பக்கம் காத்து இரையறது கேட்டுச்சு. அப்புறம் எனக்கே புரிஞ்சுது, ஆன்லைன் சார்கிட்ட அன்னிக்கு நான் கத்தினதும் இதையேதான்.

"சரி. அந்தக் கேள்வி ரத்து. அதுக்குப் பதிலா இப்ப ஒண்ணு கேக்கறேன், அதே மாதிரி படக் கேள்விதான். ஆன்லைன் சாரும் பக்கத்துல இருப்பாரு, ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லலன்னா இருவதுதான்."

"கேளுங்க."

கையை மடியில வச்சிக்கினேன். பதில் எந்தப் பக்கமும் எட்டிப் பாக்காம ஒவ்வொரு வார்த்தையா சொன்னேன். "நிமிர்ந்து நிக்கற அச்சுல விலை. படுத்திருக்கற அச்சுல அளவு. நடுவுல ஒரு கோடு. சாயவே இல்ல, கீழேர்ந்து மேல வரைக்கும் நெட்டுக்குத்தா நிக்குது. இந்தக் கோடு என்ன சொல்லுது?"

சார் கடிகாரத்தைப் பாத்தாரு. நாந்தான் பரீட்சை எழுதற மாதிரி இருந்துச்சு எனக்கு.

"மேடம், அது தேவைக் கோடா அளிப்புக் கோடான்னு நீங்க சொல்லல."

சார் என்னைத் திரும்பிப் பாத்தாரு. மறுபடியும் நான் கோட்டை வுட்டுட்டேன்.

"பரவால்ல, ரெண்டுமே சொல்றேன்"னாங்க. "தேவையா இருந்தா முற்றிலும் நெகிழ்ச்சியற்ற தேவை. விலை எவ்ளோ ஏறினாலும் வாங்கற அளவு மாறாது. அளிப்பா இருந்தா, எங்க கரைக்கு வந்த மீனு மேடம். போட்டு கடல்லேர்ந்து வந்து நின்னுட்டா அன்னிக்கு இருக்கறது அவ்ளோதான். ஏலத்துல விலை மேல போனாலும், கீழ வுழுந்தாலும், ஒரு மீனு கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது. இருக்கறது இருக்கறதுதான்."

இருவது வருஷம் நடத்தியிருக்கேன். அந்தக் கோட்டுக்கு இப்படி ஒரு உதாரணம் எனக்குத் தோணினதே இல்ல. சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கினாரு. நான் பேனாவை எடுத்து அந்த மீனு உதாரணத்தை நோட்ஸு ஓரத்துல எழுதிக்கினேன்.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"இப்பப் போடுங்க மார்க்கு."